கராச்சிக்கும் சங்ககிரிக்கும் எத்தனை தூரம்?

பெரியப்பா பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய தேசப்படத்தை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு கல்லைத் தூக்கி வைத்தார். கராச்சியின் மேல் நூலின் ஒரு முனையை வைத்து என்னைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டபடியே தெற்கே நகர்ந்து வந்து சென்னைப்பட்டணத்தில் நிறுத்தினார்.

"வெறப்பாப் புடி சாமி. தொய்வு உட்டீன்னா கணக்கு எச்சாப் போயிரும்."

விறைப்பாகப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் எங்களைத் தவிர ஒரு ஆடும் அதன் குட்டியும்தான் இருந்தன. சுண்ணாம்பும் பழைய காகிதமும் கலந்த அந்த வகுப்பறை வாசனை இன்றைக்கும் எனக்குக் கல்யாண வாசனைதான். ஏனென்றால் பெரியப்பா அளந்துகொண்டிருந்தது என் கல்யாணத்துக்காக.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பெண் பார்த்த கதையைப் பாதியில் நிறுத்தியதற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என்னைப் பாத்ததை எழுதுனீங்க, கட்டுனதை எழுத மாட்டீங்களா?" என்று கேட்கிறாள். எழுதுகிறேன் தாயே. ஆனால் அதில் உன்னைவிட என் அக்காதான் அதிகம் வருவாள். அதற்கும் சண்டைக்கு வராதே.

ஒட்டகம் வண்டி இழுக்கும் ஊர்

என் அப்பா அம்மா இரண்டு பேரும் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார்கள். பெரியப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். என்னைப் பார்த்துக்கொண்டது செல்லாயி அக்கா. அவளுக்கே அப்போது பாவாடை வயசு. எனக்குத் தலை சீவி, கம்மஞ்சோறு பிசைந்து ஊட்டி, நான் கீழே விழுந்தால் என்னை விட்டுவிட்டு நிலத்தை அடித்து வளர்த்தவள்.

அக்காவைக் கட்டிய மச்சான் பரமத்திப் பக்கத்துக்காரர். மோட்டார் வேலை தெரிந்தவர். இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பித்த புதிதில் பட்டாள லாரிகளை ரிப்பேர் பார்க்க ஆள் எடுத்தபோது கராச்சிக்குப் போனார். அக்காவையும் கூட்டிப் போனார். நான் அப்போது அரைக்கால் சட்டை.

கராச்சி எங்கே இருக்கிறதென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெரியப்பாவைக் கேட்டால் வடக்கே கையைக் காட்டி, "அக்கட்ட" என்பார். கோயமுத்தூர் கேட்டாலும் "அக்கட்ட"தான். அக்கா கடுதாசி எழுதச் சொல்லி மச்சான் எழுதுவார். அங்கே மழையே கிடையாதாம், ஒட்டகம் வண்டி இழுக்கிறதாம். இதை நான் டீக்கடையில் சொன்னபோது, "ஆரு, உன்ற மச்சான் சொன்னானா? அவன் கல்யாணத்தப்பவே அப்படித்தான் அளந்தான்" என்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அக்காவைப் பார்க்கவேயில்லை. சண்டை முற்றியது, ரயிலெல்லாம் சிப்பாய்கள், லீவு கிடையாது. எனக்கு மீசை முளைத்தது அவளுக்குத் தெரியாது.

அக்கா கைச் சீர்

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அவனோடு சேர்ந்து நிற்க வேண்டும். பெண்ணுக்குக் கட்டப்போகும் கூறைச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை அக்காவோ தங்கையோ ஏந்தி நிற்கும் மூங்கில் பேழையில். அது முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் ஊருக்குப் புறப்பட மாட்டார்கள். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் கூடப் பிறந்தவளை வைத்துக்கொண்டு இன்னொருத்தியை நிறுத்தினால் ஊர் ஆயிரம் கேட்கும்.

ஊர் கேட்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என்னை வளர்த்தவள் என்னோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா வருவாள் என்று தெரிந்த பிறகுதான் கல்யாணத்துக்கே தலையாட்டினேன்.

அவளும் மச்சானும் ரயிலில் வருவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் மச்சானுக்கு லீவு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். தனியாக ஒரு பெண் பிள்ளை நாலைந்து நாள் ரயில் மாறி மாறி வருவதெப்படி? அப்போது மச்சான் தந்தி கொடுத்தார். ஏரோப்ளேனில் ஏற்றி அனுப்புகிறேன், எந்த நாள் அனுப்பட்டும்?

ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. செல்லாயி பறந்து வருகிறாள்!

பெரியப்பாவின் கணக்கு

இப்போது என் மகன் வியாபார விஷயமாகக் காலையில் பம்பாய் போய் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறான். தூரம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்கிறான். எங்கள் காலத்தில் தூரத்துக்கு வேறு அளவுகள். பக்கத்து ஊர் கூப்பிடு தூரம். அதற்கு அடுத்தது ரெண்டு தரம் வெற்றிலை போடுகிற தூரம். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு ஒரு ராத்திரி வண்டி.

அந்த ராத்திரி வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலக்கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் பொழுதோடு, அந்தி சாயும் நேரத்தில், எங்கள் ஊரிலிருந்து புறப்படும். ஒன்றன் பின் ஒன்றாக ஏழெட்டு வண்டி. முதல் வண்டிக்காரன் மட்டும் பாதிக்கண் திறந்திருப்பான். மற்றவர்கள் மூட்டைமேல் படுத்துவிடுவார்கள். மாட்டுக்கு வழி தெரியும். கண் விழித்தால் சேலம். பெரியப்பா தன் வாழ்நாளில் பாதி ராத்திரிகளை அப்படித்தான் கழித்திருப்பார். பிரயாணமென்றால் ராத்திரியில்தான் அதிகத் தூரம் ஓடும் என்பது அவர் எண்ணம்.

தேசப்படத்து நூலை எடுத்து அளவுக்கோட்டில் வைத்து மைல் கணக்குப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு மைலுக்குக் கொஞ்சம் குறைச்சல். ஏரோப்ளேன் மணிக்கு நூற்றைம்பது மைல் போகுமென்று யாரோ பேப்பர் படித்தவன் சொல்லியிருந்தான். பெரியப்பா கண்ணை மூடி விரலை மடக்கினார்.

"எட்டு மணி நேரம்! கேட்டயா? அட, நம்ம மாடு நாமக்கல் போயிட்டு வாரதுக்குள்ள உன்ற அக்கா கராச்சில இருந்து பட்டணம் வந்துருவா!"

"ஏனுங் பெரியப்பா, வழியில நிக்காதுங்களா?"

"ஆகாசத்துல எங்கடா நிக்கும்? தண்ணி காட்டறதுக்கா?"

அதோடு முடிந்தது விசாரணை. வியாழக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை பொழுதோடு எங்கள் வீட்டில் இணைச்சீர். செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா அங்கே ஏறினால் மாலை பட்டணம். அங்கே மச்சானின் சிநேகிதர் ஒருவர் ரயில் ஏற்றிவிடுவார். புதன் விடிகாலை சங்ககிரி ஸ்டேஷன். பெரியப்பா இதை அப்படியே மச்சானுக்குத் தந்தி அடித்தார்: செவ்வாய்க்கிழமை ஏரோப்ளேனில் ஏற்றவும்.

ஏரோப்ளேன் பம்பாயில் இறங்கி ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள்தான் பட்டணம் வரும் என்பது மச்சானுக்குத் தெரியும். அப்படியென்றால் ஏன் அவர் மறுக்கவில்லை? அவர் ஊரில் முகூர்த்தத்தன்று விடிகாலையில்தான் இணைச்சீர் செய்வார்கள். வியாழன் காலை போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும், பெரியவர் கணக்காகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது.

வெறும் வண்டி

புதன்கிழமை விடிகாலையில் சவாரி வண்டிக்குப் புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, மாட்டுக் கொம்புக்குக் குஞ்சம் கட்டிச் சங்ககிரிக்கு அனுப்பினோம். பெரியப்பாவே போனார். மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டக் கூடாதென்று என்னை விடவில்லை.

வெயில் ஏறியபோது வண்டி திரும்பி வந்தது. மணிச் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடினேன். ஜமக்காளம் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. பெரியப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை.

"ரயில் வந்துச்சு சாமி" என்றார். "அவொ வரலை."

பந்தலில் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ரயில் தவறியிருக்கும் என்றார் ஒருவர். பட்டணத்தில் வழி தெரியாமல் நின்றிருப்பாள் என்றார் இன்னொருவர். ஒரம்பரையாக விருந்துக்கு வந்திருந்த ஒரு மாமா, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்த எழவு மேல இருந்து கீழ உழுந்துச்சுன்னா எலும்புகூடக் கெடைக்காதாமா" என்றார். அந்த மனுஷனை அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ தெரியாது. பெரியப்பா மகள் பாவாயி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பயமா இருக்குதா?" என்றாள்.

"எனக்கென்ன பயம்? வருவா."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது?"

"சோறு திங்கலை, அதான்" என்றேன்.

ஒரு தூக்குப் போசி நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மாமா சொன்னதுதான் தெரிந்தது. ஆனால் வெளியே வந்து மீசையை முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "வருவா, வருவா, என்ன அவசரம்?" என்று சிரித்தேன்.

மத்தியானம் பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வண்டி பூட்டிக்கொண்டு சங்ககிரி ஸ்டேஷனுக்கே போய் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. என் எதிரில் வந்து நின்றார்.

"தப்பு என்மேலதான் சாமி. ஏரோப்ளேன் வழியில எறங்கி எறங்கித்தான் வருமாமா, ராத்திரில ஓடாதாமா. பொழுது உழுந்தா எறக்கிப் படுக்க வெச்சிருவாங்களாமா. நான் நம்ம வண்டியாட்டம் நெனச்சுப்போட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் எங்கோ இறங்கித்தான் இருக்கிறாள். ஆனால் அது ஒரு கணக்குத்தானே? ஏற்கனவே ஒரு கணக்கை நம்பித்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறோம். பெரியப்பா தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பனைமரத்து உச்சி

பொழுது சாய்ந்தது. அருமைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அருமைக்காரர் என்றால் எங்கள் கல்யாணங்களில் சீர்களை நடத்திவைக்கும் பெரியவர். அவர் சொன்னால் மறுபேச்சில்லை. ஒல்லி மனிதர், குரல் மட்டும் கண்டாமணி.

"பாவாயி குளிச்சுட்டு வந்துட்டா. ஒக்காரப்பா, சீரை ஆரம்பிக்கலாம்."

"என்ற அக்கா வராம நான் ஒக்கார மாட்டனுங்."

"பொண்ணூட்டுக்காரங்க அங்க காத்துக்கிட்டிருக்கறாங்க."

"இருக்கட்டுங்."

பந்தலில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. மாப்பிள்ளைக்குத் திமிர் என்றார்கள். பெண் வேண்டாமென்று சாக்குச் சொல்கிறான் என்றுகூட ஒரு குரல் கேட்டது. பெண் ஊர் கூப்பிடு தூரம். நாங்கள் இங்கே தும்மினால் அங்கே தெரியும். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. பேழையோடு நின்ற பாவாயிதான் எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

"ஐயா, நான் இப்ப நின்னு, நாளைக்கு அக்கா வந்து எறங்குனா அவொ மூஞ்சில நான் எப்படிங் முழிக்கறது? விடியட்டுமுங்."

அருமைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிழக்கே கையை நீட்டினார். "செரி. நாளைக்குக் காலைல பொழுது அந்தப் பனைமரத்து உச்சிக்கு வார வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல ஒரு பேச்சு பேசக் கூடாது. பாவாயி நிப்பா, நீ ஒக்காருவ. சம்மதமா?"

"சம்மதமுங்" என்றேன். வாய்தான் சொன்னது.

வியாழக்கிழமை விடிந்தது. பெரியப்பா இருட்டோடு வண்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தார். என்னைக் குளிப்பாட்டி, புது வேட்டி உடுத்தி, தலைப்பாகை கட்டி உட்காரவைத்தார்கள். நான் பனைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது முதலில் தண்டுக்குப் பின்னால் தெரிந்தது. அப்புறம் காய்ந்த மட்டைகளுக்குப் பின்னால். என் கல்யாணத்தன்று நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பெண்ணை நினைத்தேனா என்று கேட்டால் இல்லை. (படிக்கப்போகிறாள், படிக்கட்டும்.)

பொழுது உச்சிக்கு வந்தது. அருமைக்காரர் செருமினார். பாவாயி பேழையைத் தூக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர். மேளக்காரர் தட்ட ஆரம்பித்தார். கூறைச் சேலையின் முனையை என் கையில் கொடுத்தார்கள்.

எனக்கு என்னென்னவோ தோன்றியது. எழுந்து ஓடிவிடலாமென்று தோன்றியது. சேலை முனை கையில் நனைந்துபோய்விட்டது, அவ்வளவு வேர்வை.

அப்போதுதான் பந்தலுக்கு வெளியே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "வண்டி! வண்டி!"

காதில் பஞ்சு

மாடுகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு வந்து நின்றன. பெரியப்பா குதித்து இறங்கினார், அந்த வயசில். பின்னால் படியில் கால் வைத்து இறங்கினாள் அக்கா.

சேலை கசங்கி, தலை கலைந்து, முகம் வெளிறி, நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தாள். ஏரோப்ளேனில் வழி நெடுக வாந்தியாம். இரண்டு காதிலும் இவ்வளவு பெரிய பஞ்சு. சத்தம் தாங்காது என்று ஏறும்போதே எல்லோருக்கும் கொடுத்தார்களாம், ரயில் சத்தத்துக்கும் அதையே வைத்துக்கொண்டாளாம்.

"பஞ்சை எடு சாமி" என்றார் பெரியப்பா.

"ஆங்?"

அவரே பிடுங்கி எறிந்தார். அப்போதும், "ஆங்? என்னங் பெரியப்பா? ஒண்ணும் கேக்கலீங். காது அடைச்சுப்போச்சுங்" என்று அடித்தொண்டையில் கத்தினாள். தான் கத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் சிரித்தார்கள். அருமைக்காரர் கையை உயர்த்தினார், சிரிப்பு அடங்கியது.

"ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி நிக்க வெய்யுங்கடா புள்ளைய" என்றார். தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சேலை மாற்றக்கூட நேரமில்லை. பாவாயி தான் உடுத்தியிருந்த புதுச் சேலையின் மேல் போட்டிருந்த துண்டை எடுத்து அக்காவுக்குப் போர்த்தினாள். பேழையை அவள் கையில் வைத்தாள். அக்கா ஆடினாள். பாவாயி பின்னால் நின்று இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவும் என்னைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். தலைப்பாகையைப் பார்த்தாள். அரைக்கால் சட்டையில் விட்டுப் போனவனைத் தேடுகிறாள் என்று புரிந்தது. ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. அருமைக்காரர் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். அவர் சொன்னது அக்காவுக்குக் கேட்கவில்லை, பாவாயி அவள் கையைப் பிடித்துச் செய்ய வைத்தாள். சேலையின் ஒரு முனை என் கையில், மறுமுனை பேழையில். இடையே ஒரு முழம்கூட இல்லை.

அக்கா குனிந்தாள். என் காதில் ரகசியம் சொல்வதாக அவளுக்கு நினைப்பு. சொன்னது பந்தலின் கடைசி வரிசைக்குக் கேட்டது.

"பயந்துட்டயா சாமி? நான் வராமப் போயிருவன்னு நெனச்சயா?"

சிரிப்பதற்கு வாயைத் திறந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

"இல்லையக்கா" என்றேன் மெதுவாக.

"ஆங்?"

"இல்லை" என்றேன் கொஞ்சம் பலமாக.

"கேக்கலை சாமி. பலமாச் சொல்லு."

இரண்டு நாளாக மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஊர் முழுக்க இருந்தது. பங்காளிகள் இருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து அழைக்க வந்தவர்கள் இருந்தார்கள். அந்த வெற்றிலை மாமா இருந்தார்.

"பயந்துட்டேன் அக்கா!" என்று கத்தினேன். "செத்துப்போயிட்டயோன்னு பயந்துட்டேன்!"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அது அக்காவுக்குக் கேட்டுவிட்டது. பேழையைப் பாவாயி கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கையால் என் முகத்தை அழுந்தத் துடைத்தாள், சின்ன வயசில் மூக்குச் சிந்தித் துடைப்பாளே அப்படி. சீர் நடக்கும்போது பேழை கை மாறக் கூடாது. அருமைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.